நாலாவது பிளக்கின் சந்தனம்

காரின் பிளக் வயரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதன் அடியில் இருக்கிற ரப்பர் மூடியைப் பிடித்து, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருகி, அது அசைந்து கொடுத்த பிறகுதான் மேலே தூக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் தம்பி எத்தனையோ தரம் அதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். தையல்காரி வேறு. நூல் சிக்கினால் இழுக்காதே, சிக்கு எங்கே என்று தேடு என்று என்னிடம் தைக்கப் பழக வந்த பெண்களிடமெல்லாம் கத்திக் கத்திச் சொன்ன வாய் இது. அப்படி இருந்தும் அந்த வெள்ளிக்கிழமை காலை நான் வயரைத்தான் பிடித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அந்த மட்டும் கிடையாது.

எங்கள் வீடு தெல்தோட்டையில், பஸ் ரோட்டுக்கு மேலே. எனக்கும் கல்யாணம் ஆகவில்லை, தம்பிக்கும் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வீட்டில் மெஷின் போட்டுத் தைத்தேன். அவன் ஒரு பழைய ஜப்பான் காரை வைத்து ஹயர் ஓடினான். பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவள், வெளிநாட்டுக்குப் போகிறவன், கல்யாண மாப்பிள்ளை என்று எங்கள் பக்கத்தில் பாதிப் பேரைக் கண்டிக்கு இறக்கிக்கொண்டு போனது அந்தக் கார்தான். நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. செவ்வாயும் வெள்ளியும் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் படுத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். காலை எட்டு மணிக்கு அவன் முறை. நேரத்துக்கு வராவிட்டால் அடுத்த ஆளை அந்தக் கட்டிலில் போடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியே வாங்குப் பலகை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

கையில் ஊசி போட நரம்பை வெட்டி இணைத்ததிலிருந்து அவனால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. ஆகவே நாற்பத்தெட்டு வயதில் நான் கார் ஓட்டப் பழகினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினான். பழக்குகிறவன்தான் கத்துவான் என்று எல்லாரும் நினைப்பார்கள். எங்கள் காரில் கத்தினது நான்தான். "கிளச்ச மிதிக்கா" என்று அவன் மெதுவாகச் சொல்வான். "மிதிச்சுக்கிட்டுத்தானேடா இருக்கேன், என் கால் என்ன தோட்டத்துக் கம்பமா, இன்னும் நீள?" என்று நான் பாய்வேன். அப்படியே ஓட்டிப் பழகிவிட்டேன்.

அவனுக்கு இருந்த பெரிய கஷ்டம் ஊசி இல்லை, தாகம். உடம்பு தண்ணீரை வெளியே விடாது. குடிக்கிறது முழுக்க உள்ளேயே தங்கி, காலில் வீங்கி, முகத்தில் வீங்கி, கடைசியில் நெஞ்சில் ஏறும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு போத்தலில் கோடு போட்டு வைத்திருந்தேன். சோற்றுக்கு ஊற்றுகிற குழம்பும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அவனோ கோப்பிப் பைத்தியம். எங்கள் வீட்டுக்குக் கீழே ரோட்டோரத்தில் கோப்பிக் காலத்துக் கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. இந்த மலையில் தேயிலை வருவதற்கு முன் கோப்பிக்கொட்டையைக் குவித்து வைக்கக் கட்டினதாம். கோப்பி போய் எத்தனையோ தலைமுறை ஆகியும் அதற்கு இன்னும் பெயர் கோப்பி ஸ்டோர்தான். அதற்குள்தான் எங்கள் காரை நிறுத்துவோம். அதைக் காட்டிக் காட்டிச் சொல்வான்: "நம்ம ஆளுங்க கோப்பிக்குத்தானேக்கா கடல் தாண்டி நடந்து வந்தாங்க. எனக்கு ஒரு கப் கோப்பி கெடையாதா?"

"அவங்க வந்தது பறிக்கடா, குடிக்க இல்ல" என்பேன்.

இதெல்லாம் சிரித்துப் பேசின காலம்.

ஆயுத பூசை எங்கள் வீட்டில் எனக்குத் தையல் மெஷினும் அவனுக்குக் காரும். வருடா வருடம் காரைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பான். எல்லா டிரைவர்மாரும் செய்கிறதுதான். அதோடு நின்றால் அவன் என் தம்பி இல்லையே. பொனட்டைத் திறந்து, உள்ளே பிளக் மூடி நாலுக்கும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அவன் பொட்டு கடுகு அளவு இருக்கும். அந்த வருடம் குனிந்தால் தலை சுற்றியது. "நீ வையிக்கா" என்றான். "நெருப்பு அங்கனதான் பொறக்குது. இன்ஜினுக்கு உசிரு அந்த நாலும்தான்."

எனக்கோ தீபாவளித் தையல் தலைக்கு மேல் கிடந்தது. சந்தனத் தூளில் தண்ணீரை ஊற்றி அவசரத்தில் கலக்கினேன். கஞ்சி மாதிரி வந்தது. அதை எடுத்து மூன்று மூடியில் அப்பினேன். நாலாவது மூடி உள்ளே, கண்ணாடிப் பக்கமாக இருந்தது, கை எட்டவில்லை. கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை அப்படியே அதன் தலையில் கவிழ்த்தேன்.

"அக்கா, தண்ணியா இருக்கு. குழிக்குள்ள ஓடுது" என்றான்.

"நீ சும்மா இருடா, எனக்குத் தெரியும்" என்றேன்.



தை மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை கண்டியிலிருந்து ஏறி வரும்போது கார் துடித்துத் துடித்து ஓடியது. கலஹா ஏற்றத்தில் இழுக்கவே இல்லை. "ஒரு பிளக் அடிக்கலக்கா. மாத்தி ரொம்ப நாளாச்சு, நாலையும் மாத்திடுவோம்" என்றான். மறுநாள் புதுப் பிளக் நாலும் வாங்கி வந்துவிட்டேன். ஆனால் அது பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற மாதம். புதன் போனது, வியாழன் மழையில் போனது. வெள்ளி காலை ஐந்தரைக்கு எழுந்து மாற்றிவிட்டு ஆறு மணிக்கு இறங்கலாம் என்று வைத்தேன். அவன் பத்து நிமிஷத்தில் செய்கிற வேலை. எனக்கு அரை மணி நேரம் போதாதா?

வியாழன் பின்னேரம் பாத்திரம் கழுவும் இடத்தில் பெரிய கோப்பை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தால் அடியில் கோப்பித் தூள். நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் முழுக் கோப்பையும் குடித்திருக்கிறான். அட பாவி! தண்ணீர் கணக்குக்கு நான் குழம்பை அகப்பையால் அளந்து ஊற்றுகிறேன், இவன் கோப்பையால் குடிக்கிறான்.

"ஒரே ஒரு தரம்க்கா" என்றான். நான் பதிலே பேசவில்லை. பேசாத கோபம்தான் எனக்குப் பொல்லாதது.

வெள்ளி காலை அவன் முகம் உப்பியிருந்தது. செருப்புக்குள் கால் நுழையவில்லை. படியிறங்கி கோப்பி ஸ்டோருக்கு வருவதற்குள் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். இன்றைக்கு மெஷின் தவறினால் என்ன ஆகும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு கதிரையைப் போட்டு, போர்வையைச் சுற்றி உட்கார வைத்தேன்.

"மூணுல ஓடும்க்கா. இப்பிடியே போயிடுவோம். வந்து மாத்தலாம்" என்றான்.

"வழியில நின்னா நீ தள்ளுவியா?"



முதல் மூன்று மூடியும் திருகினதும் வந்துவிட்டன. பழைய பிளக்கைக் கழற்றிப் புதுசு மூன்றையும் போட்டேன். மணி ஆறு ஆகவில்லை. எனக்கே என்மேல் மெச்சுதல் வந்தது. நாலாவது மூடி அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன். விரல் வழுக்கியது. மூடியைச் சுற்றி மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினேன், சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. சந்தனம். மூன்று மாதமாக இன்ஜின் சூட்டில் வெந்து, பொனட் இடுக்கால் ஒழுகின மழைத் தண்ணீரையும் உள்ளே அடைத்துக்கொண்டு, மூடியை அப்படியே பிடித்து வைத்திருந்தது.

"திருகுக்கா. அவசரப்படாத. இழுத்துடாத" என்று அவன் கதிரையில் இருந்தே சொன்னான். சொல்லி முடிக்க மூச்சு இல்லை.

அந்த மூச்சு எனக்குக் கேட்டது. அதுதான் என்னைக் கெடுத்தது. நேரம் ஓடுகிறது, இவன் நெஞ்சில் தண்ணீர் ஏறுகிறது, எல்லாம் ஒரு கோப்பைக் கோப்பியால் வந்தது என்று தலைக்குள் சூடு பாய்ந்தது. இரண்டு கையாலும் வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. 'பட்' என்று ஒரு சத்தம். நான் பின்னால் போய்ச் சுவரில் முட்டினேன். என் கையில் வயர் மட்டும் இருந்தது. மூடி குழிக்குள்ளேயே இருந்தது.

வயரைத் தரையில் அடித்தேன். அப்புறம் என் வாய் திறந்தது.

"ஒன் சந்தனமும் ஒன் பூசையும்! இன்ஜினுக்குப் பொட்டு வைக்கச் சொன்னது யாருடா? குடிக்காதன்னா குடிக்கிற, வைக்காதன்னா வைக்கச் சொல்ற. ஒன்னால என் சீவனே போகுதுடா. ஒண்ணு நீ போய்ச் சேரணும், இல்லாட்டி நான் போய்ச் சேரணும்!"

கல் கட்டடம் அல்லவா, சொன்னது அங்கேயே நின்றது. ரோட்டில் கொழுந்து பறிக்கப் போகிற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். வைக்காதே என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்தது நான். ஓடுகிறது என்று சொன்னது அவன். எல்லாம் அந்த நிமிஷமே எனக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் மூடிக்கொண்டதே தவிர, திறந்து ஒரு வார்த்தை திருத்தவில்லை.

அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மடவளைக்குப் போன் போடுக்கா" என்றான்.

மடவளையில் இருக்கிறவர் எங்கள் காரைத் திருத்துகிற பாஸ். முஸ்லிம் மனிதர், இருபது வருடமாக இந்த இன்ஜினைத் தெரிந்தவர். கண்டிக்கு அந்தப் பக்கம். வரச் சொன்னால் பத்து மணி ஆகும்.

"வயரப் புடிச்சா இழுத்தீங்க? யா அல்லாஹ்!" என்றார். "சரி, பயப்பட வாணாம் தங்கச்சி. மூடி உள்ளுக்குத்தானே ஈக்கிது? மெல்லிசா ஒரு கம்பி ஈந்தா, மூடிக்கும் பிளக்குக்கும் நடுவுல விட்டு ஒரு சுத்துச் சுத்துங்க. ரெண்டு சொட்டுத் தேங்கா எண்ண விடுங்க. பொறகு மூக்கு நீண்ட குறட்டால புடிச்சித் திருகுங்க. இழுக்க வாணாம். தம்பிக்கிட்டக் குடுங்க, அவரு செய்வாரு."

தம்பிக்கு முடியாது என்று நான் சொல்வதற்குள் அவன் கதிரையை விட்டு எழுந்துவிட்டான்.

வீட்டுக்கு ஓடி என் பின்னல் ஊசியையும் தேங்காய் எண்ணெயையும் கொண்டுவந்தேன். டோர்ச்சை நான் பிடித்தேன். அவன் மட்கார்டில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, இடது கையை, அந்த நரம்பு துடிக்கிற கையை, மேலே தூக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் ஊசியை விட்டான். ஒரு சுற்று. எண்ணெய். இன்னொரு சுற்று. குறட்டை விட்டுப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். அரிசி அளவு இந்தப் பக்கம், அரிசி அளவு அந்தப் பக்கம். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவான். எனக்கோ, "தாடா நான் செய்றேன்" என்று பிடுங்கத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் போனது. பிறகு மூடி முழுசாக, கிழியாமல், சந்தனத் துண்டோடு மேலே வந்தது.

அறுந்த வயரின் நுனியை பிளேடால் சீவி, மூடிக்குள் இருக்கிற கொக்கியில் அமுக்கினான். "கொஞ்ச நாளைக்கு இது ஓடும்" என்றான். நாலாவது புதுப் பிளக்கை நான் முறுக்கினேன். "மூடி நாலையும் நான் மாட்டுறேன். நீ போய்க் கிளினிக் புத்தகத்த எடுத்துட்டு வாக்கா."

எடுத்துக்கொண்டு இறங்கி வந்தபோது அவன் காருக்குப் பக்கத்தில் நின்று களிம்புக் குழாயை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். இந்த வியாதிக்காரர்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் களிம்பு, கற்பூர வாசம் அடிக்கும். எப்போதும் பையில் வைத்திருப்பான்.

"நேரம் என்னான்னு தெரியுமா? இப்பவா அரிப்பு?" என்று அதற்கும் ஒரு கத்துக் கத்தினேன்.

"முடிஞ்சிருச்சுக்கா. வா போவோம்" என்றான்.

கார் நாலிலும் ஓடியது. ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்பது தாண்டிவிட்டது. அவன் கட்டிலில் வத்தேகமப் பக்கத்து ஐயா ஒருவர் படுத்திருந்தார். தாதி வந்து பார்த்து, மூக்கில் ஒட்சிசன் குழாயை வைத்து, மூன்று மணிக்கு ஓர் இடம் கிடைக்கும் என்றாள். மூன்று மணி வரைக்கும் அவன் படுக்க முடியாமல், வாங்கில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். முருகா, இவனை இன்றைக்கு விட்டுவிடு, நான் சொன்னதைக் கணக்கில் எடுக்காதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். முருகனிடம் சொன்னேன், இவனிடம் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருந்தவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு அவன் பிழைத்தான்.

அடுத்த செவ்வாய் காலை ஐந்து மணிக்கு எழுப்பப் போனேன். கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. முதல் பஸ்ஸில் போய்விட்டான். ஐயையோ என்று தலையில் அடித்துக்கொண்டு காரை எடுத்தேன். கலஹாவில் பஸ்ஸைப் பிடித்தேன். பின் சீட்டில் அவன் தலை தெரிந்தது. ஹோர்ன் அடித்தேன். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான், சும்மா வழியில் தெரிந்தவருக்கு ஆட்டுகிற மாதிரி. இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். திரும்பும்போதும் பஸ்தான். நானும் பின்னால்தான்.

வீட்டில் கேட்டேன். கோபமாக இருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருப்பேன். அவனுக்குக் கோபம் இல்லை. "ஒனக்குத் தையல் கெடக்குல்லக்கா. நான் போயிட்டு வந்துடுறேன். எதுக்கு ஒன் சீவனையும் சேத்து வாங்கணும்?" என்றான். என் வார்த்தையையே எடுத்து, ஒரு குத்தலும் இல்லாமல் என் கையில் கொடுத்தான். கோப்பியையும் விட்டுவிட்டான். நாள் முடிவில் போத்தலில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடித்தாலும் திட்டுவேன், குடிக்காவிட்டாலும் திட்டுவேன், என்ன ஜென்மமோ நான்.

அப்படியே ஆறு கிழமை, ஒன்றரை மாதம். செவ்வாயும் வெள்ளியும் முன்னால் பஸ், பின்னால் எங்கள் கார். பஸ் நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன். கண்டக்டர் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு, "என்னாக்கா, நம்ம பஸ்ஸுக்குக் காவலா?" என்று கேட்பான். சனம் சிரிக்கும். "ஆமாடா, நீ சில்லறை குடுக்காம ஓடிடுவன்னு வாறேன்" என்பேன். பக்கத்து சீட்டில் ஒரு சின்ன ஃபிளாஸ்க் இருக்கும். அதில் நாலு வாய்க் கோப்பி. அவன் கணக்கில் அன்றைக்கு மிச்சம் பிடித்தது. எப்போதாவது இறங்கி வந்து ஏறினால் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு தரமும் போட்டுக்கொண்டு போய், ஒவ்வொரு தரமும் திருப்பிக் கொண்டுவந்து ஊற்றினேன்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய மழை. கலஹாவுக்குக் கீழே பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. சனம் எல்லாம் இறங்கித் தேயிலை மேட்டோரமாக ஒதுங்கியது. அவன் பையைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கிட்டப் போய் நிறுத்திக் கதவைத் திறந்தேன். ஒன்றும் பேசவில்லை. பேசினால் கத்திவிடுவேன் என்று பயம். அவன் வந்து முன் சீட்டில் ஏறினான்.

கொஞ்ச தூரம் இன்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தான். "நாலும் நல்லா அடிக்குதுக்கா" என்றான்.

ஃபிளாஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். மூடியில் ஊற்றி, முதலில் மோந்து பார்த்து, ஒரு வாயை நாக்கிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பூசையன்னைக்கு நீ சொன்ன" என்றேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "தண்ணியா இருக்குன்னு. நான்தான் கேக்கல. கிண்ணத்தோட கவுத்தது நான்தான்."

"நான் எப்பச் சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லியே" என்றான்.

பொய். அவனுக்குப் பொய் சொல்ல வராது, காது மடல் சிவந்துவிடும். சிவந்திருந்தது. சந்தனத்தைச் சொல்லிவிட்டேன், அடுத்து மற்றதைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் சொன்னது பொய்டா, நீ இல்லாமல் எனக்கு என்னடா இருக்கிறது என்று. வார்த்தையெல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது. அதற்குள் பேராதனை வந்துவிட்டது. வாகன நெரிசல், முன்னால் ஒரு லொறி, மழையில் கண்ணாடி தெரியவில்லை. சரி, செவ்வாய்க்கிழமை சொல்லலாம், இனி காரில்தானே வருவான் என்று விட்டேன்.

ஞாயிறு விடியற்காலையில், கட்டிலில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். நான் தேயிலைத் தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

காரை விற்கச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். எல்லாரையும் ஏசி அனுப்பினேன். மறுபடி ஆயுத பூசை வந்தது. மடவளை பாஸ், "அந்த ஒட்டுப்போட்ட வயர இன்னும் ஓட்ட வாணாம், கழட்டிப் புதுசு போடுங்க, பிளக்கையும் ஒருக்காப் பாருங்க" என்று போனில் சொல்லியிருந்தார். காரைக் கழுவிவிட்டு, கோப்பி ஸ்டோருக்குள் பொனட்டைத் திறந்தேன். பின்னல் ஊசி, தேங்காய் எண்ணெய், குறடு எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன். முதலில் நாலாவது. வயரைத் தொடவில்லை. மூடியைப் பிடித்து மெல்லத் திருகினேன்.

திருகவே தேவையில்லை. வழுக்கிக்கொண்டு கைக்கு வந்துவிட்டது. மூன்றாவதும் அப்படியே வந்தது. இரண்டாவதும் முதலாவதும் அப்படியே. இதென்ன அதிசயம் என்று மூடியைக் கவிழ்த்து உள்ளே விரலை விட்டேன். விரலில் வெள்ளையாகப் பசை ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தேன். கற்பூர வாசம்.

நீ போய்ச் சேரணும் என்று நான் சொல்லி அன்றைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நின்று மூச்சு விட முடியாதவன், அடுத்த தரம் நான் கழற்றும்போது ஒட்டாமல் இருக்கட்டும் என்று, தன் அரிப்புக்கு வைத்திருந்த களிம்பை நாலு மூடிக்கும் உள்ளே பூசி மாட்டியிருக்கிறான். அதற்குத்தான் நான் நேரம் என்ன என்று கத்தினேன்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காரின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "சும்மா சொன்னேன்டா" என்றேன். "வாய் தவறிச் சொன்னேன்டா தம்பி." சத்தமாகத்தான் சொன்னேன். ரோட்டில் போன யாரோ நின்று, "என்னாக்கா, யாரு உள்ள?" என்று கேட்டார்கள். ஒருத்தரும் இல்லை, நீங்க போங்க என்றேன்.